குற்றவாளியா, சுற்றவாளியா?

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் உயர்தரம் படிக்கிற தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது: "குற்றம் என்றால் சட்டத்தை மீறுவது என்று குறிப்பில் எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதற்கும் சட்டத்துக்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா? பேப்பரில் சுற்றவாளி என்று போடுகிறார்களே, அது என்ன?"

மூன்று கேள்வி. மூன்றுக்கும் சேர்த்துச் சுருக்கமாகச் சொன்னால், குற்றம் என்ற சொல் பிறந்தபோது அதற்குச் சட்டத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது குறையைச் சொல்ல வந்த சொல். சட்டம் அதைப் பிற்பாடுதான் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட பிறகும் பழைய பொருள் சாகவில்லை, அதனால் வருகிற சிக்கலை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக நின்ற காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இனி விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வேர். ஏறு என்பதிலிருந்து ஏற்றம், மாறு என்பதிலிருந்து மாற்றம், சீறு என்பதிலிருந்து சீற்றம் வருகிறது. அதே தடத்தில் குறு என்பதிலிருந்து குற்றம். குறு என்றால் சிறிது, குட்டை, போதாதது. குறுமை, குறுகு, குறை, குறைவு எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் படுத்திய குற்றியலுகரமும் இந்தக் குடும்பம்தான்; குறுகி ஒலிக்கிற உகரம் என்பதால் அந்தப் பெயர். குற்றியலுகரம் யாரையும் கொலை செய்யவில்லை, அரை மாத்திரை குறைந்து அரை மாத்திரையாக ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, இருக்க வேண்டிய அளவுக்கு ஒன்று எட்டவில்லை என்றால் அது குற்றம். பாட்டில் இருக்கலாம்: நக்கீரர் சிவபெருமானோடு மல்லுக்கு நின்றது பாட்டின் குற்றத்துக்காக. உடம்பில் இருக்கலாம்: சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் மூன்றும் நிலை கெட்டால் முக்குற்றம் என்பார்கள். மனதில் இருக்கலாம்: காமம், வெகுளி, மயக்கம் மூன்றையும் சமய நூல்கள் அதே முக்குற்றம் என்ற பெயரால் சொல்லும். திருக்குறளில் குற்றங்கடிதல் என்று ஒரு அதிகாரமே உண்டு, 44ஆவது. அதில் களவும் கொலையும் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்து போவீர்கள். செருக்கு, கோபம், கஞ்சத்தனம் இவைதான் அங்கே பேச்சு. கஞ்சத்தனத்துக்கு எந்தப் பொலிசும் ஆள் பிடிக்காது.

இன்றும் வீட்டில் அந்தப் பொருள்தான் ஓடுகிறது. மருமகள் வைத்த கறியில் மாமி குற்றம் பிடிப்பார். கலியாண வீட்டுக்குப் போய்வந்து பந்தலில் குற்றம் சொல்வார்கள். உப்புக் குறைந்த கறிக்கும் ஆள் செத்த வழக்குக்கும் ஒரே சொல்லா என்று கேட்டால், ஆம், ஒரே சொல்தான்.

சரி, இது எப்போது அரசனின் கைக்குப் போனது? அதற்கும் அதே திருக்குறளில் பதில் கிடக்கிறது. செங்கோன்மை அதிகாரத்தில் 549ஆவது குறள், குடிகளைக் காத்துக் குற்றம் கடிவது வேந்தனுக்குப் பழி ஆகாது, அது அவன் தொழில் என்கிறது. இங்கே குற்றம் என்பது தண்டனைக்குரிய செயல். 44ஆவது அதிகாரத்தில் அரசன் தன்னிடம் களைய வேண்டிய குறையாக இருந்தது, 55ஆவது அதிகாரத்தில் பிறரிடம் களைய வேண்டிய செயலாகி விடுகிறது. இரண்டையும் ஒரே குறளில் பார்க்க வேண்டுமென்றால் 436 இருக்கிறது: "தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றங் காண்கிற்பின்" என்று தொடங்கும். முதல் குற்றம் குணத்தைப் பற்றியது, இரண்டாவது அரசன் விசாரிக்கப்போகிற பிறருடைய குற்றம். சொல் ஒரு படி ஏறுவதை அந்த ஒரு வரியிலேயே பார்க்கலாம்.

ஆனால் ஆளைச் சுட்டும்போது பழைய தமிழ் பெரும்பாலும் செயலின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டது. எங்கள் பக்கத்தில் வைகாசி மாதம் கண்ணகி கோயில்களில் கதவு திறந்து வழக்குரை படிப்பார்கள், குளிர்த்திச் சடங்கோடு முடியும். மதுரையில் கண்ணகி வழக்குரைத்த கதை. சிலப்பதிகாரத்தில் அந்த இடத்தில் பாண்டியன் சொல்கிற சொல்லைப் பாருங்கள்: "யானோ அரசன் யானே கள்வன்". நானே குற்றவாளி என்று சொல்லவில்லை, கள்வன் என்கிறான். செய்தது எது என்று பளிச்சென்று தெரிகிறது. குற்றவாளி என்பது அப்படி இல்லை. களவெடுத்தவனும் குற்றவாளி, சிவப்பு விளக்கில் நிற்காமல் போனவனும் குற்றவாளி. எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற சொல் அது.

அந்த ஆளி பற்றியும் ஒரு வார்த்தை. கடனாளி, நோயாளி, முதலாளி, தொழிலாளி வரிசையில் வருவது. ஆள் என்றால் உடைமையாகக் கொள்வது. கடனை உடையவன் கடனாளி, குற்றத்தை உடையவன் குற்றவாளி. செய்தான் என்று அந்தச் சொல் சொல்லவில்லை, வைத்திருக்கிறான் என்கிறது. முதலாளி முதலை வைத்திருப்பதுபோல. இந்த நுணுக்கம் வெறும் இலக்கணம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் தங்கூசி வலை வழக்கு ஒன்று வந்தது. தங்கூசி வலை தெரியாதவர்களுக்கு: மெல்லிய ஒற்றை நைலோன் இழையில் பின்னியது, தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்கே தெரியாது. குஞ்சு குருமன் எல்லாம் வந்து மாட்டும், அதனால் தடை. வாவியில் அதைப் போட்டுப் பிடிபட்ட ஒருவர் கூண்டில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். சாரம், கழுத்தில் துவாய், காலில் செருப்பு இல்லை. நீதவான் சிங்களவர். குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வலை என்டதான் ஐயா. ஆத்துக்க போட்டதும் நான்தான். ஆனா நான் குற்றவாளி இல்ல."

எனக்கு நெருக்கடி. குற்றவாளி இல்லை என்பதை மட்டும் எடுத்து மொழிபெயர்த்தால், சுற்றவாளி, அதாவது குற்றமற்றவர், என்று பதிவாகும், வழக்கு விளக்கத்துக்கு, அதாவது விசாரணைக்கு, போகும், மனிசன் இந்தச் சின்ன வலைக்காகத் தொழிலை விட்டுவிட்டு எத்தனை தவணை வருவார்? முதல் இரண்டு வசனத்தை மட்டும் சொன்னால் ஒத்துக்கொண்டதாகி விடும், ஆனால் அவர் சொன்னது அது இல்லை. மொழிபெயர்ப்பாளன் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மூன்று வசனத்தையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். நீதவான் பேனையைக் கீழே வைத்தார். "இவருடைய குணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அந்த வலையைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று விளங்கப்படுத்துங்கள்" என்றார். விளங்கப்படுத்தினேன். அவருக்கு முகம் தெளிந்தது. "அப்ப சரி. வலைக்கெண்டா நான்தான் குற்றவாளி" என்றார்.

வலைக்கு. அந்த நான்காம் வேற்றுமை இன்றும் என் காதில் இருக்கிறது. மனிதனோடு ஒட்டிக்கொள்கிற சொல்லை அவர் பிடுங்கிச் செயலோடு ஒட்டிவிட்டார். கூண்டில் நின்று ஒருவர் சொல்லாராய்ச்சி செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இலங்கைச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இங்கே தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக வந்தது, ஆங்கிலத்தில். பிற்காலத்தில் பாராளுமன்றச் சட்டங்கள் தமிழில் வரத் தொடங்கியபோது, தண்டிக்கத்தக்க செயலுக்கு அவர்கள் எடுத்த சொல் குற்றம் அல்ல, தவறு. எந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை வேண்டுமானாலும் எடுத்து வாசியுங்கள், "தவறொன்றைப் புரிந்தவராதல் வேண்டும்" என்பதுபோல ஒரு வசனம் தட்டுப்படும். செய்தது தவறு; அது நிரூபணமானால்தான் குற்றத்தீர்ப்பு, குற்றவாளி எல்லாம். கட்டுகிற காசு குற்றப்பணம். தவறு என்பது தவறிப்போவது, கால் வழுக்குவது. அதில் ஆளின் மேல் கறை குறைவு. தமிழ்நாட்டுச் சட்டத்தமிழில் இந்தப் பிரிப்பு இல்லை, செயலையே குற்றம் என்று விடுவார்கள். நம்முடைய பிரிப்புத்தான் எனக்குப் பிடித்தது, ஊர்ப்பற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறை, பேச்சில் அது இறங்கவே இல்லை. நீதிமன்ற வாசலில் யாரும் "தவறு புரிந்தேன்" என்று பேசிக் கேட்டதில்லை.

இனிச் சுற்றவாளி. தமிழ்நாட்டு நண்பர்கள் இந்தச் சொல்லைக் கேட்டால் ஊர் சுற்றுகிறவனா என்பார்கள். அவர்களுக்கு நிரபராதி. நமக்குச் சுற்றவாளி என்றால் குற்றமற்றவர் என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்பவர். சுற்று, சுற்றம் எதனோடும் அதற்கு உறவில்லை. சுத்தம் என்பதிலிருந்து சுத்தவாளி, அது குற்றவாளிக்குப் பக்கத்தில் நின்று நின்று சுற்றவாளி ஆகிவிட்டது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காது பிழையாகக் கேட்டதால் வந்த மாற்றம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நம் பக்கத்தில் ற்றவும் த்தவும் வேறு வேறாகத்தான் ஒலிக்கும். பற்றையும் பத்தையும் நாம் குழப்புவதில்லை. எதுகை இழுத்திருக்கிறது. குற்றவாளியா சுற்றவாளியா என்று ஒரே மூச்சில் ஆயிரம் தடவை கேட்கிற வாய்க்கு இரண்டும் ஒரே அச்சில் வந்தால் சுகம். அக்கம் பக்கம், நண்டு சிண்டு மாதிரி இரட்டையாக ஓடுகிற சொற்களுக்குத் தமிழ் நாக்கு எப்போதும் இடம் கொடுக்கும்.

அம்பாறை நகரில் வழக்கு சிங்களத்தில் நடக்கும், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் தமிழில். இரண்டிலும் நின்று பார்த்தால் ஒரு விசயம் தெரியும். சிங்களத்தில் அதே கேள்வி "வெரதிகருத, நிவெரதிகருத" என்று வரும். வரத என்றால் பிழை, வெரதி அதன் இன்னொரு வடிவம். கணக்கில் விடை பிழைத்தாலும் வெரதி, களவெடுத்தாலும் வெரதி. நம் குற்றத்தைப்போல அதுவும் பரந்த சொல். நி என்று முன்னால் ஒரு எழுத்தைப் போட்டவுடன் ஆள் விடுதலை. நாம் அதற்கு வேறொரு சொல்லையே உருவாக்கி, எதுகையும் பார்த்திருக்கிறோம்.

அம்பாறையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிங்களத்தில் அபராத என்றால் பாரதூரமான குற்றம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் சிங்களப் பெயரே அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. வடமொழியிலும் பொருள் அதுதான். தமிழுக்கு வந்த அபராதமோ காசாகி விட்டது. செய்த பிழையின் பெயர் அதற்குக் கட்டுகிற பணத்துக்குப் போய்விட்டது. ஆனால் நிரபராதி என்ற சொல்லுக்குள் பழைய பொருள் பத்திரமாக இருக்கிறது. அபராதம் கட்டாதவர் என்று அதற்கு யாரும் பொருள் கொள்வதில்லை. நம் ஊர்ப் பேச்சில் காசுக்குத் தண்டம் அல்லது தெண்டம். தடி என்பதுதான் அந்த வடசொல்லின் முதற்பொருள், அரசன் கையில் இருந்த கோல். இன்று பொலிஸ்காரர் எழுதித் தருகிற துண்டிலும் அதே கோல்தான், தடியாக இல்லாமல் மெல்லிய தாளாக.

மீறுதலுக்கு வருவோம். தம்பியின் குறிப்பில் இருந்த சொல் அதுதானே. ஆங்கிலக்காரர் சட்டத்தை உடைக்கிறார்கள், சிங்களத்திலும் "நீதிய கடனவா", உடைப்பதுதான். தமிழில் ஒப்பந்தம் முறியும், உறவு முறியும், சட்டம் முறியாது. சட்டத்தை மீறத்தான் முடியும். மீ என்றால் மேல். மீறுவது மேலால் போவது. அதை விளங்கிக்கொள்ள அகராதி வேண்டாம், மாரி காலத்தில் ஒரு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போய் நின்றால் போதும். வயலுக்குள் தண்ணீர் ஏறி ஏறி வந்து, வரம்பின் விளிம்பைத் தொட்டு, அப்புறம் ஒரு இடத்தில் மெதுவாக அதற்கு மேலால் வழியும். வரம்பு அங்கேதான் இருக்கிறது, உடையவில்லை. தண்ணீர் அதை மீறிவிட்டது. வரம்பு மீறுதல் என்று நாம் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் வயலில் இருப்பது வரப்பு, ஒழுக்கத்தில் இருப்பது வரம்பு என்று இரண்டாகப் பிரிந்து போய்விட்டது. நமக்கு இரண்டும் வரம்பு. வயல் சொந்தக்காரரான போடியாரும் வரம்பு என்பார், பள்ளி அதிபரும் வரம்பு என்பார். அதனால் மட்டக்களப்பான் காதில் வரம்பு மீறல் என்ற தொடர் இன்னும் ஈரமாகக் கேட்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மீறினால் வரம்பு அழிவதில்லை. தண்ணீர் வடிந்ததும் பழையபடி தெரியும். மீறினவன் மேல்தான் பேச்சு. வரம்பை வெட்டி ஒரு முழம் தன் பக்கம் சேர்க்கிறவன் வேறு சாதி. அவனுக்கு மீறல் என்ற சொல் போதாது, அவன் களவெடுக்கிறான். வயல் வழக்குகளில் பாதி இந்த ஒரு முழத்துக்காகத்தான் வருகிறது.

பிழை பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊருக்குள் போக முடியாது. கோயிலில் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசலில் மரைக்கார்மாரும், அதாவது அங்கங்கே நிர்வாகம் பார்க்கிற பெரியவர்கள், பிணக்குத் தீர்க்க உட்கார்ந்தால் அங்கே வருகிற சொல் குற்றம் அல்ல, பிழை. "பிழை விட்டுட்டன், மன்னியுங்க" என்றால் பாதி விசயம் முடிந்தது. பிழை என்றால் இலக்குத் தவறுவது. பிழைத்தல் என்றால் உயிர் தப்புவதும்தான். அம்பு குறி பிழைத்தால் எய்தவனுக்குப் பிழை, மான் பிழைத்துக்கொண்டது. ஒரே நிகழ்ச்சி, வில்லின் பக்கம் நின்று ஒரு பொருள், மானின் பக்கம் நின்று இன்னொரு பொருள். தமிழ்நாட்டுக்காரரின் தப்பும் அப்படியே: தப்புச் செய்தான், தப்பித்தான். இரண்டு தனித்தனிச் சொற்கள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன என்றால் அது தற்செயல் இல்லை.

கடைசியாக மறியல். நமக்கு மறியல் என்றால் சிறை. மறித்து வைக்கிற இடம். விளக்கமறியல் என்றால் விளக்கம், அதாவது விசாரணை, முடியும்வரை மறித்து வைப்பது. தமிழ்நாட்டில் மறியல் என்றால் சனங்கள் தெருவை மறிப்பது. என் பெரியம்மா இந்தியப் பத்திரிகை ஒன்றில் "சாலை மறியல், நூறு பேர் கைது" என்று வாசித்துவிட்டு, "மறியலில இரிக்கிறவங்களைப் பிறகு என்னத்துக்குக் கைது செய்யிறாங்க மகன்?" என்று கேட்டார். அங்கே சனம் தெருவை மறிக்கும், இங்கே அரசாங்கம் சனத்தை மறிக்கும், வேர் ஒன்றுதான் என்று சொல்லி வைத்தேன்.

தம்பி, பரீட்சைக்கு எழுதும்போது குறிப்பில் உள்ளதை எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். சட்டம் படிக்கப் போனால் செயலுக்குத் தவறு, தீர்ப்புக்குப் பிறகு குற்றவாளி என்று பிரித்துப் பழகுங்கள். தீர்ப்பு வரும்வரை ஆள் சந்தேகநபர் அல்லது எதிரி. எதிரி என்றதும் பகைவன் என்று எடுக்கக் கூடாது, வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்பவர், அவ்வளவுதான். அதையும் கூண்டில் நின்ற ஒரு அம்மா ஒருநாள் கேட்டார், "நான் ஆருக்கு ஐயா எதிரி?" என்று. அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டு விட்டார்கள்.